ஒரு கடைக்கு ஒரு நாற்காலி

"அண்ணாச்சி, எனக்கு உக்கார ஒரு நாக்காலி வேணும்."

எந்தக் கடையிலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வேலைக்கு அனுப்பியிருந்தாள். லீவு கேள், தீபாவளிக்கு இரண்டு சேலையாகக் கேள், சாப்பாட்டுக்கு நேரம் கேள். உட்கார இடம் கேட்காதே. ஏன் என்றால் பதில் வராது. பெரிய ஜவுளிக்கடையில் வாலிபம் முழுவதும் நின்றபடியே சேலை விரித்துப் போட்டவள் அவள். கெண்டைக்காலில் நரம்பு நீல முடிச்சாகச் சுருண்டு கிடக்கும். அந்தக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு "கேக்காத" என்பாள். பயம் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவின் பயத்தையும் சேர்த்துச் சுமக்கவா அந்தக் கம்ப்யூட்டர் பட்டத்தை வாங்கினேன்? சேர்ந்த மறுநாளே கேட்டுவிட்டேன்.

தவசிலிங்கம் அண்ணாச்சி கோபப்படவில்லை. துணி அளக்கும் இரும்புக் கோலால் முதுகைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"குடுத்துருவோம், பேச்சி."

மறுநாள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. விளம்பரப் போர்டு செய்ய வந்தவளுக்கு மட்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கடையில் என்னோடு சேர்த்து நான்கு பெண்கள். அமலி, கோமதியக்கா, ரூத்து. மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், துணியை மடிக்கத் தொடங்கினார்கள். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஜெயித்த கதையைச் சொன்னபோது அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் இருக்கிறது 'தவசி மேட்சிங் சென்டர்'. சேலையைக் கையில் கொண்டுவந்து அதற்குச் சரியான ரவிக்கைத் துணி தேடுகிற கடை. லைனிங், ஃபால்ஸ், பாவாடை எல்லாம் உண்டு. எதிர்வரிசையில் மூன்று மாடி ஷோரூம் ஒன்று வந்து, அதன் முகப்பு முழுவதையும் ஒளித்திரையாக்கி இரவும் பகலும் பெண்களை நடக்க விட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. "சாயங்காலமானா அவன் வெளிச்சம் என் கடைக்குள்ள விழுது. அவன் வெளிச்சத்துல நான் துணி விக்கேன், கேவலமா இல்ல?" என்பதுதான் இன்டர்வியூவில் அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி. கேவலம்தான் என்றேன். வேலை கிடைத்தது.

அதேபோல ஒரு போர்டு வேண்டும், ஆனால் செலவில்லாமல் செய்ய வேண்டும் என்றார். ரிப்பேர் கடையில் ஓரமாக ஒரு கோடு விழுந்த பழைய டிவி கிடந்தது. மதுரையில் பழைய சாமான் விற்கிற சந்தில் தேங்காய்ச் சில் அளவுக்குக் கணினி அட்டைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். முன்பு ஒரு கட்டடம் நிறைய இயந்திரம் செய்த வேலையை இப்போது அந்தச் சில்லு செய்யும். உடைந்த கைபேசி ஒன்றிலிருந்து இரண்டு கேமராவையும் கழற்றினேன், தெருவுக்கு ஒன்று, கடைக்குள் ஒன்று. நல்லதாக வாங்கியது டபுள் டேப் மட்டும்தான்.

மாடல் பெண்ணைக் கூட்டி வந்து படம் எடுப்பதெல்லாம் நமக்கு ஆகாது என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். ஆளே வேண்டாம் என்றேன்.

"கேமரா தெருவுலயும் கடைக்குள்ளயும் பொம்பளைங்களப் பாத்துக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. பத்து முகத்தக் கலந்து ஒரு முகம் செய்யும். ஊர்ல அப்படி ஒருத்தி இருக்க மாட்டா. அவளுக்கு நம்ம துணிய உடுத்தி விட்ரும்."

"சரி, அவ போர்டுல நிக்கட்டும். அதப் பாக்க எவ நிப்பா?"

"அதான் வேலையே. ஒருத்தி முன்னால வந்தா அவ எதுல கூடுதலா ஒரு நிமிசம் நிக்கான்னு கவனிக்கும். அடுத்த தடவ அவ வரும்போது அதையே இன்னொரு சிட்டிகை சேத்துப் போடும். நிக்கலையா, வேற எதையாவது போட்டுப் பாக்கும். ஆளுக்கு ஆள் கலவை மாறும்."

"சாம்பாரா?"

"சாம்பார்தான். ருசி பாத்துப் பாத்துப் போடும்."

படங்களைச் சேர்த்து வைக்க அந்தச் சில்லில் இடம் கிடையாது. ஆளுக்கு இவ்வளவு கலவை என்கிற அளவை மட்டும் எண்ணாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். யாருக்கு எந்த முகத்தைக் காட்டியது என்று பிறகு நாமே நினைத்தாலும் பார்க்க முடியாது. அப்போது அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

வேறொரு தொல்லை வந்தது. கடை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குமேல் வெயில் நேராக அடித்துத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலிலும் பளிச்சென்று தெரிகிற திரையென்றால் விலை எங்கேயோ போகும். அதனால் நான்கு பக்கமும் பிளைவுட் சட்டம் அடித்து, கடையிலிருந்தே கறுப்பு லைனிங் துணியைக் கிழித்து, ஒரு முழ ஆழத்துக்குக் கூடாரம்போல் மறைப்புத் தைத்துப் போட்டோம். நேர் எதிரே வந்து நிற்கிற ஒருத்திக்கு மட்டும் படம் தெரியும். பக்கத்தில் நிற்பவளுக்குக் கறுப்புத் துணிதான். ஆனால் அதுவே ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, கடைக்குள் ஏறினார்கள்.

வியாபாரம் கூடியது. "போர்டுல வார அந்தப் பிள்ள ராசிக்காரி" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருந்தார்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அமலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமலோற்பவம் முழுப் பெயர். எனக்கு ஒரு வயது மூத்தவள், பக்கத்துத் தெரு, ஒரே பள்ளிக்கூடம். பத்தாவதில் கணக்கு போய்விட்டது, அதோடு சரி. கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் மினி வேன் ஓட்டுகிறான். கடை அடைக்கிற நேரம் முக்கில் பைக்கோடு நிற்பான். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து அவன் தோளில் கை வைக்கிற விதத்தைப் பார்த்தால் அந்தக் கை அங்கேயே முளைத்தது போலிருக்கும். வாடிக்கைக்காரிகள் படி ஏறும்போதே "அமலி இருக்காளா?" என்பார்கள். நாள் முழுவதும் நின்றும் அந்த முகத்தில் சிரிப்பு மாறாது. ரவிக்கைத் துணியை ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையால் டர்ரென்று கிழித்து, சிரித்துக்கொண்டே நீட்டுவாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் குழம்பு கொடுத்து விடுவாள். அம்மா அதை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தாலே வயிறு நெறையுது. உன் மொகத்த நீயே ஒரு நாள் கண்ணாடியில பாரு" என்பாள். பட்டம் வாங்கின முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது அம்மாவுக்கு வயிறு நிறைந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் படித்த ராத்திரிகளில் அவள் காலைத் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். என்னால் தேய்த்துவிட முடியவில்லை, மறுநாள் பரீட்சை. அமலி வந்து தேய்த்துவிட்டுப் போவாள்.

போர்டு வைத்துக் கொஞ்ச நாளில் அதில் வருகிற பெண் காதோர முடியைச் சுண்டு விரலால் ஒதுக்குவதைப் பார்த்தேன். அமலி அப்படித்தான் ஒதுக்குவாள். பிறகு மூக்குத்தி வந்தது. பிறகு மோவாயில் அந்தச் சின்னக் குழி. ஒவ்வொரு நாள் காலையிலும் திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நான் மறைப்புக்குள் தலையை நீட்டுவேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் அமலியாக இருந்தாள். கடைசியில் அமலியேதான். கடுகு மஞ்சள் ரவிக்கையில், நிமிர்ந்து நின்று, யாரைப் பற்றியும் கவலை இல்லாமல் சிரிக்கிறாள்.

பத்துப் பேரைக் கலக்கச் சொன்னால் இந்த மிஷின் ஒருத்தியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று எரிந்தேன். ஆளுக்கு ஆள் மாறும் என்று என் வாயாலேயே அண்ணாச்சிக்குச் சொன்னவள் நான். ஆனாலும் ஊரே என்னைப்போல் அமலியைத்தான் பார்க்கிறது என்று நம்பினேன். இதைத் தவிர வேறு எதைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? நான் செய்த பொருள். என் விரலில் சூடு வாங்கி ஒட்டிய வயர். அதில் இவள் ராணி.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், அமலி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி பேச்சி, அஞ்சு நிமிசம் உக்காந்துக்கிடட்டா? இடுப்புக் கழண்டு போச்சு."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வலிக்கிறவள் இப்படிச் சிரிப்பாளா?

"நான் கேட்டு வாங்குனேன் அமலி. நீயும் கேட்டு வாங்கிக்கோ."

நியாயமாகத்தான் பேசினேன் என்று அன்று முழுவதும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். உரிமையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், யாரும் தானமாகத் தரக் கூடாது என்றெல்லாம். அமலி சிரித்தபடியே திரும்பிப் போய்த் துணி மடித்தாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

அடுத்து வடிவக்கா வந்தாள்.

வடிவக்கா பழைய வாடிக்கை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பு. அவளும் அவள் ஓரகத்தியும் ஒன்றாகத்தான் வருவார்கள், ஒரே துணியில் இரண்டு வெட்டச் சொல்லுவார்கள். இந்தத் தடவை தனியாக வந்தாள். படி ஏறும்போதே ஆரம்பித்தாள்.

"யாரக் கேட்டு அவ படத்த வெளிய வச்சிய?"

யார் படம் என்றார் அண்ணாச்சி.

"எங்க வீட்டு ஓரகத்தி படத்த. நான் என்ன குருடியா? நான் எடுத்த துணிய அவ உடுத்திக்கிட்டு நின்னு இளிக்கா. நான் எதை எடுத்தாலும் மறுநாள் அவ அதவிட நல்லதா உடுத்திருக்கா. உங்களுக்கு அவ எவ்வளவு குடுத்தா?"

நான் எழுந்து வெளியே போய் மறைப்புக்குள் பார்த்தேன். அமலி. கடுகு மஞ்சள். சிரிப்பு. உள்ளே வந்து, உங்கள் ஓரகத்தி இல்லை, நீங்கள் கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் அப்படித்தான் பேசுவேன். வடிவக்கா என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். போன வாரம் அடுப்பு இரண்டாகிவிட்டது என்றாள். நடுவில் சாக்குத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அடிக்கிறாளாம். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அமலிதான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி அனுப்பிவைத்தாள்.

எனக்கு உட்கார முடியவில்லை. சில்லைக் கழற்றி அண்ணாச்சியின் கணினியில் போட்டு எண்களைப் பார்த்தேன். முகம் இல்லை, அளவு மட்டும். முதல் வாரத்தில் எல்லோர் கலவையிலும் பத்துப் பத்துப் பேர். போகப் போக எட்டு, ஐந்து, இரண்டு. அடிக்கடி வருகிறவர்களுக்கெல்லாம் கடைசியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு ஆள்.

நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். எதன் முன்னால் கால் நிற்கிறதோ அதைக் காட்டு. பிடித்த முகத்தைக் கண்டால் நாம் லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வயிறு எரிகிற முகத்தின் முன்னால்தான் கால் நிற்கிறது. தேங்காய்ச் சில் அளவு பொருள் அதைச் சிட்டிகை சிட்டிகையாக ருசி பார்த்துக் கண்டுபிடித்துவிட்டது. வடிவக்காவின் எரிச்சல் அவளுடைய ஓரகத்தி. என்னுடையது அமலி. ஊர் முழுக்க அவள் ராணி இல்லை. எனக்கு மட்டும்தான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். பயந்து போய் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ வேல செய்யுதுன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலை நான் வழக்கத்தைவிட முன்னதாக வந்தேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. வாசல் பெருக்குவது அமலியின் முறை. பெருக்கவில்லை. வாரியலைக் கையில் பிடித்தபடி மறைப்புக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் தோளுக்கு மேலாக எனக்குத் திரை தெரிந்தது.

திரையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கிளிப்பச்சை ரவிக்கை. சிவப்பு நாற்காலி. கால்மேல் கால். நான் இதுவரை எந்தக் கண்ணாடியிலும் பார்த்திராத முகம் அது. அம்மாவின் கால் இல்லை, தோற்றுப்போன இன்டர்வியூக்கள் இல்லை, ஒன்றுமே அந்த முகத்தில் இல்லை. எல்லாம் கிடைத்த ஒருத்தி லேசாகக் குனிந்து அமலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமலி அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

"ஏளா" என்றேன்.

அவள் துள்ளித் திரும்பினாள். கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி உடனே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"தெனமும் நீதான் வார" என்றாள். "எல்லாருக்கும் நீதான் வாரேன்னு நெனச்சேன். நீ செஞ்ச போர்டு, உன் படத்தத்தான வைப்பன்னு."

"எனக்கு நீ வார."

"நானா? நான் என்னத்துக்கு?"

"சிரிச்சுக்கிட்டு நிக்க. எப்பவும் போல."

அமலி வாரியலைச் சுவரில் சாத்தினாள். படியில் உட்காரப் போய், தெருவைப் பார்த்து, உட்காராமல் நின்றாள். கடைப்பெண்கள் படியில் உட்கார்ந்தால் அண்ணாச்சிக்குப் பிடிக்காது.

"வலி வந்தா சிரிச்சிருவேன் பேச்சி. சேந்த புதுசுல ஒருதரம் மொகத்தச் சுளிச்சேன்னு அண்ணாச்சி கஸ்டமர் முன்னாடியே கத்திட்டாரு. அதுலருந்து கால் எவ்வளவு வலிக்கோ அவ்வளவு சிரிப்பேன். பழகிப்போச்சு. வீட்டுல அவருகூட, இன்னைக்கு ரொம்பச் சிரிக்கியே, தைலம் எடுக்கட்டுமாங்காரு."

எத்தனை நாள் அந்தச் சிரிப்பைப் பார்த்து எரிந்திருப்பேன். நான் பொறாமைப்பட்டது அவள் கால் வலியைப் பார்த்து.

"அன்னைக்கு உக்கார விட்டுருக்கலாம்" என்றேன்.

"ஆமா, விட்டுருக்கலாம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கோமதியக்காவும் ரூத்தும் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக மறைப்புக்குள் பார்க்கச் சொன்னேன், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் நான்தான், அதே நாற்காலியில். ரூத்து தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேர் வயிற்றெரிச்சலையும் கண்டுபிடிக்க மிஷினுக்கு அதிக வேலை வைக்கவில்லை அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணாச்சி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் நால்வரும் கொஞ்சம் பேசினோம். கொஞ்சம் வேலையும் செய்தோம்.

அவர் வந்து, ஊதுபத்தி கொளுத்தி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்ததும் நானே போய் எதிரே நின்றேன். அவர் முந்திக்கொண்டார். வியாபாரிகள் சங்கத்தில் பேசிவிட்டாராம். மார்க்கெட் ரோட்டில் எல்லாக் கடைக்கும் இந்தப் போர்டு வேண்டுமாம். நான்தான் பொறுப்பு. மாடியில் தனி ரூம், ஏ.சி., சுத்துகிற நாற்காலி.

"எனக்கு மூணு நாக்காலி வேணும் அண்ணாச்சி. அமலிக்கு, கோமதியக்காவுக்கு, ரூத்துக்கு. உக்கார விடணும்னு சட்டமே இருக்கு."

"சட்டம் எனக்கும் தெரியும்." குரலை உயர்த்தவில்லை. "நாலு பேருக்கும் போட்டா அப்புறம் அது வெறும் நாக்காலி பேச்சி. ஒருத்திக்குப் போட்டாத்தான் அதுக்கு மதிப்பு. நீ சேந்த மறுநாளே கேட்ட. திட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? நாலு பேரும் ஒண்ணாச் சேந்துருப்பிய. குடுத்தேன். இத்தன நாள்ல ஒருத்தியாவது எங்கிட்ட வந்து நாக்காலி கேட்டாளா? உன்னப் பாத்துக்கிட்டு நிக்காளுவ. என்னப் பாக்கல."

ஊதுபத்தி சாம்பல் கல்லாமேல் விழுந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு அவர் தொடர்ந்தார்.

"இது நான் கண்டுபிடிச்சதில்ல. உங்க அம்மா நின்ன கடையிலதான் நானும் நின்னேன், சேல்ஸ்மேனா. உங்கம்மா ஒருதரம் ஸ்டூல் கேட்டா. மொதலாளி உடனே குடுத்துட்டாரு, அவளுக்கு மட்டும். ஒருத்தியும் அவகூட உக்காந்து சோறு திங்கல. கடைசியில அவளே தூக்கிக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்து நின்னா. சொல்லலையா உங்கிட்ட?"

சொல்லவில்லை. கேட்காதே என்று மட்டும் சொன்னாள். கொடுக்க மாட்டார்கள் என்று பயந்ததாக நான் நினைத்தேன். கொடுத்துவிடுவார்கள் என்றுதான் பயந்திருக்கிறாள்.

"நீங்களும் அவகூட நின்னவருதான அண்ணாச்சி."

"நின்னேன். ஸ்டூல்ல உக்காந்திருக்கவளப் பாத்துக்கிட்டே நின்னேன். அந்த எரிச்சல்லதான் ஒரு கடை வைக்கணும்னு வைராக்கியம் வந்துச்சு. எரிச்சல் நல்லது பேச்சி. நீ செஞ்ச மிஷினும் அதத்தான செய்யுது? என்ன, நான் ஆளப் பாத்துக் கண்டுபிடிச்சேன், அது கேமரா வச்சுக் கண்டுபிடிச்சிருக்கு."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. ஒரே தொழிலில் இருக்கிற இன்னொருத்தியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாடியில ரூம் எப்பப் பாக்க?" என்றார்.

"பாக்கல. நான் போறேன் அண்ணாச்சி."

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள், 'வாரேன்' என்பார்கள். நான் தெரிந்தேதான் சொன்னேன். அவருக்கும் புரிந்தது. போர்டு செய்ய வேறு ஆள் கிடைப்பான் என்றார். கிடைப்பான்தான். என்னைப்போல இன்டர்வியூவில் தோற்றவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. சொல்ல வேண்டியதைக் காலையிலேயே வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.

கல்லாவைத் தாண்டும்போது பார்த்தேன். சிவப்பு நாற்காலியில் அமலி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பார்க்கட்டும் என்றே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோமதியக்கா, அடுத்தது என் முறை என்பதுபோல் இடுப்பில் கை வைத்து நின்றாள். எனக்கு ஒரு நொடி வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அது என் நாற்காலி. அப்புறம் அமலியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

வாசலில் கறுப்பு லைனிங் மறைப்பு சுருட்டிக் கிடந்தது. அண்ணாச்சி உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அமலி துணி வெட்டுகிற கத்தரியால் அறுத்தது. கேமரா இரண்டும் என் பைக்குள் இருந்தன. காலை நேரத்தில் மேற்கு வாசலில் வெயில் கிடையாது, தெருவின் அந்தக் கரையிலிருந்தே திரை பளிச்சென்று தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே படம். 'தவசி மேட்சிங் சென்டர்' என்ற எழுத்துக்குக் கீழே நான்கு நாற்காலி, அதில் நாங்கள் நான்கு பேர், நாங்களே நின்று எடுத்துக்கொடுத்த எங்கள் சொந்த முகம். கோமதியக்கா கேட்டுக்கொண்டபடி அவளுக்குக் கால்மேல் கால் போட்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சிக்கு உள்ளேயிருந்து அது தெரியாது. தெரிந்தால் பிளக்கைப் பிடுங்குவார். அதற்குள் பார்ப்பவர்கள் பார்த்துவிடுவார்கள். நான்கு பேரையும் ஒரே நாளில் துரத்தினால் துணியை யார் கிழிப்பது என்று ரூத்து கேட்டிருந்தாள்.

மார்க்கெட் ரோட்டில் கடைப்பெண்கள் வேலைக்கு வருகிற நேரம். கடைக்கு ஒரு நிறம் சேலை. ஊதா ஐந்தாறு, இளம்பச்சை ஒரு கூட்டம், எதிர் ஷோரூமின் பழுப்பு பாதித் தெரு. அத்தனை நிறமும் எங்கள் கடை முன்னால் தேங்கி நின்றது. யாரும் ரவிக்கையைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கொஞ்சம் கீழே, நாற்காலிக் கால்களில் இருந்தது. அந்தப் பார்வையை உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யாரும் இல்லை. எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று நினைத்தபடி அவர்களுக்கு நடுவில் நுழைந்து போனேன்.

பழுப்புச் சேலையில் ஒருத்தி, என் அம்மா அந்தக் காலத்தில் இருந்திருக்கக்கூடிய வயது, என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, இது நெசமா? அந்தக் கடையில உக்கார விடுதாங்களா?"

"இன்னும் இல்லக்கா. நீங்களும் உங்க கடையில கேளுங்க" என்றேன். "ஒருத்தியாப் போய்க் கேக்காதீங்க."

கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.